ஏரி மேல் எழுந்த ஊர்

தியாகராய நகர் என்றதும் பலருக்கும் ரங்கநாதன் தெரு நெரிசல்தான் நினைவுக்கு வரும். எனக்கு அது முதலில் ஒரு குடியிருப்பு. அதற்கும் முன்பு ஓர் ஏரி. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரியின் மாம்பலம் பகுதியை 1920களில் தூர்த்து மனை பிரித்தார்கள். அப்போது சென்னை மாகாணத்தை ஆண்டது நீதிக்கட்சி. அதனால் இந்தப் பேட்டையில் நடப்பதே அந்தக் கட்சியின் வரலாற்றைப் புரட்டுவது மாதிரி. பிட்டி தியாகராயர் பெயரில் ஊர், முதலமைச்சராக இருந்த பனகல் அரசர் பெயரில் பூங்கா, டாக்டர் நாயர் பெயரில் சாலை, டாக்டர் நடேசனார் பெயரில் இன்னொரு பூங்கா. பாண்டி பஜார் என்ற பெயருக்குள்ளேயும் அக்கட்சியின் சௌந்தரபாண்டியனார் இருக்கிறார்.

பனகல் பூங்காவை நடுவில் வைத்து, அதை நோக்கிச் சாலைகள் வந்து சேரும்படி அமைத்த திட்டம் இன்றைக்கும் அழகு. அடுக்குமாடிகளுக்கு நடுவே எங்காவது ஓட்டுக் கூரையும் திண்ணையுமாக ஒரு பழைய வீடு தப்பியிருக்கும். பெருமழை பெய்தால் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்துவிடுகிறது; 2021இலும் வந்தது.

அடுத்த முறை புடவை எடுக்கப் போகிறவர்கள், வெங்கடநாராயணா சாலை நடேசன் பூங்காவில் அரை மணி நேரமாவது உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.