வீடு, வயல், வானொலி

அகில இந்திய வானொலியைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சுகள்தாம் உண்டு. ஒன்று ஏக்கம்: சரோஜ் நாராயணசுவாமியின் செய்திக் குரல், ஞாயிற்றுக்கிழமை நாடகம், அது ஒரு காலம் என்ற பெருமூச்சு. மற்றது கணக்கு: கேட்க ஆளில்லாத நிலையத்துக்கு வரிப்பணம் எதற்கு? இரண்டு தரப்பும் பெரும்பாலும் ஆண்குரலில் பேசுகின்றன. அந்தப் ‘பொது’வுக்குள் பெண்கள் எங்கே வைக்கப்பட்டோம் என்று இரண்டுமே கேட்பதில்லை.

‘வீடும் வயலும்’ என்ற தலைப்பையே எடுத்துக்கொள்வோம். நான் கேட்டு வளர்ந்த நிகழ்ச்சி அது. உரம், விதை, பூச்சிமருந்து என்று விரியும் பேச்சு எப்போதும் ‘விவசாயி’யை நோக்கியிருக்கும், அந்த விவசாயி ஆண் என்பதைச் சொல்லவே தேவையிருக்காது. அந்த உழவர் ஒலிபரப்பின் வலிமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. 1960களில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 ரகம் வானொலி வழியாகப் பரவியதால், மக்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்தார்கள். ஒரு குரல் ஒரு மாவட்டத்தின் வயலையே மாற்றியது. ஆனால் அந்த நெல்லை நட்டவர்கள் யார்? களை பறித்தவர்கள் யார்? சேற்றில் குனிந்து நின்ற அந்தப் பெண்களில் பெரும்பாலோர் தலித் கூலிகள். ஏக்கருக்கு எத்தனை மூட்டை உரம் என்று துல்லியமாகச் சொன்ன குரல், நடவுக்கு எவ்வளவு கூலி என்று பேசி நான் கேட்டதில்லை. மகளிர் நிகழ்ச்சியோ, பகல்பொழுதில் வீட்டில் இருக்க வாய்த்தவளுக்குச் சமையலும் குழந்தை வளர்ப்பும் சொல்லித் தந்தது. அந்த நேரத்தில் நடவுக்காரி வயலில் இருந்தாள். அவளுக்கு வீடும் இல்லை, வயலும் இல்லை என்றுதான் அந்தத் தலைப்பை வாசிக்க வேண்டியிருக்கிறது.

இதைவிடக் கூர்மையான கதை இசைப் பிரிவில் இருக்கிறது. 1946இல் இடைக்கால அரசில் தகவல் ஒலிபரப்புத் துறையை ஏற்ற சர்தார் படேலின் காலத்தில், ‘அந்தரங்க வாழ்க்கை ஊரறிந்த அவதூறாக’ இருப்பவர்களை வானொலியில் பாடவிடக் கூடாது என்ற கொள்கை வந்தது. அது யாரைக் குறிவைத்தது என்பதில் யாருக்கும் குழப்பமில்லை: வட இந்தியாவின் தவாயிஃப் மரபுப் பாடகிகளை. அதுவரை வானொலியின் இசைக்கு முதுகெலும்பாக இருந்தவர்கள் அவர்கள். சபையில் அமர்ந்து அவர்களைக் கேட்டு ரசித்த கனவான்களின் அந்தரங்கத்தை எந்த அலுவலகமும் விசாரிக்கவில்லை.

ஆனாலும் அந்தக் கதை அங்கே முடிந்துவிடவில்லை என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. அக்தரிபாய் ஃபைசாபாதி 1945இல் ஒரு வழக்கறிஞரை மணந்தார், குடும்ப கௌரவத்துக்காகப் பாட்டை நிறுத்தினார், நோயில் விழுந்தார். 1949இல் அவர் மீண்டும் பாடியது லக்னோ வானொலி நிலையத்தில்தான். ஆண்கள் நிறைந்த சபை கிடையாது, பார்க்கும் கண்கள் கிடையாது, ஒலிவாங்கி மட்டும். இனி அவர் பேகம் அக்தர். ‘பாய்’ மீது சந்தேகப்பட்ட அதே நிறுவனம் ‘பேகம்’ பாட இடம் தந்தது. திருமணம் என்ற நுழைவுச்சீட்டோடுதான், ஆனால் தந்தது. இதை வானொலியின் பெருந்தன்மை என்று நான் எழுத மாட்டேன். வெறும் ஒடுக்குமுறை என்று எழுதவும் முடியவில்லை.

சரி, இவ்வளவு குறையுள்ள ஒன்றை ஏன் காப்பாற்ற வேண்டும்? தனியார் பண்பலைகளில் பெண்குரல்கள் நிறையவே ஒலிக்கின்றன. ஆனால் நடவுக்கூலியைப் பற்றிய அரைமணி நேரத்துக்கு எந்த நகைக்கடை விளம்பரம் தரும்? தராததற்காக யாரிடம் முறையிடுவது? அந்த நிலையங்கள் தாமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்பவும் அனுமதி இல்லை.

வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொல்லிவிட்டது. 1990இல் இயற்றி 1997இல் நடைமுறைக்கு வந்த பிரசார் பாரதி சட்டத்தின் 12ஆம் பிரிவு, பெண்களின் நிலை குறித்தும் அவர்களின் பிரச்சினைகள் குறித்தும் விழிப்பை உண்டாக்குவதை ஒலிபரப்பின் கடமைகளில் ஒன்றாக எழுதி வைத்திருக்கிறது. ‘மேம்பாடு’ என்ற அந்தச் சட்டத்தின் மொழியில் கொஞ்சம் கருணை வாடை அடிக்கிறது, இருக்கட்டும். நெருக்கடி நிலையில் அரசின் ஊதுகுழலாக நின்ற நிறுவனம் அது, இன்றும் அரசின் நிழலை விட்டு விலகாத நிறுவனம் என்பதையும் மறக்கவில்லை. ஆனால் அந்தப் பிரிவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிலையத்தின் வாசலில் போய் நிற்க முடியும், தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட முடியும். நகைக்கடை விளம்பரத்தை நம்பி நடக்கும் நிலையத்தில் நமக்கு இருப்பது நிலையத்தை மாற்றும் பொத்தான் மட்டும்.

இதை வாசிக்கும் மாணவிகள் அப்படி ஒரு மனு போடுவதானால் கேட்க ஒன்று இருக்கிறது. மகளிர் நிகழ்ச்சியை அறிவிக்கும் பெண்ணே பல நிலையங்களில் மாதத்தில் சில நாள் மட்டும் அழைக்கப்படும் தற்காலிக அறிவிப்பாளர். நிரந்தர ஊழியருக்கு உரிய பலன்கள் எதுவும் அவருக்கு இல்லை. உங்கள் ஊர் நிலையத்தில் அப்படி எத்தனை பெண்கள், எத்தனை ஆண்டுகளாக, ஒரு முறைக்கு எவ்வளவு ஊதியத்தில்?