உமியும் சீற்றும்

2006 இல் போரின்போது திருகோணமலை மாவட்டத்தின் சம்பூரிலும் அதன் அயல் கிராமங்களிலும் இருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் பல, பிறகு கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் வருடக்கணக்காகக் காத்திருந்தன. 2015 இல் 818 ஏக்கரும், 2016 மார்ச்சில் கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கரும் விடுவிக்கப்பட்ட பிறகுதான் அவர்களுடைய திரும்பும் பயணம் முழுமையடைந்தது. அதுவரை தலைக்கு மேல் இருந்தது தகரம். சித்திரை வெயிலில் தகரக் கூரை அறுபது பாகை செல்சியசையும் தாண்டிச் சுடும். அதன் கீழே நிற்பவருக்கு வெயில் மறைகிறதே தவிர வெக்கை மறைவதில்லை. மத்தியானத்தில் குழந்தையை உள்ளே கிடத்த முடியாமல் மரநிழல் தேடிப் போவதைத் தகரத்தின் கீழ் வாழ்ந்த எந்தத் தாயும் சொல்வாள்.

அந்த முகாமைச் சுற்றி இருந்தது வயல். மகாவலியின் கடைசிக் கிளைகளும் அல்லைக் குளத்து வாய்க்கால்களும் பாயும் நெற்பூமி அது. ஒவ்வொரு போகம் முடியும்போதும் ஆலைகளின் பின்புறம் உமி மலையாகக் குவியும். கொஞ்சம் நெல் அவிக்கவும், கொஞ்சம் செங்கல் சூளைக்கும் போகும். மிச்சம் கிடந்து புகையும், அல்லது மழையில் ஊறிக் கருகும். ஒரு பக்கம் வெக்கையில் வேகும் கூரை. மறுபக்கம் உலகின் மலிவான வெப்பக் காப்புப் பொருள்களில் ஒன்று. இரண்டுக்கும் இடையே கூப்பிடு தூரம்தான். இவை ஏன் இணையவில்லை என்று நான் பல காலமாக யோசித்திருக்கிறேன். உமியைப் புகழ்ந்து எழுதுவது சுலபம். இயற்கைப் பொருள் என்று சொன்னாலே பாதிப் பேர் தலையாட்டிவிடுவார்கள். ஆகவே அதைப் புகழுக்கு வெளியே எடுத்துவைத்து, அதன் இடத்தை இப்போது பிடித்திருக்கும் அஸ்பெஸ்டோஸ் சீற்றோடு நிறுத்துப் பார்க்க விரும்புகிறேன்.

வெப்பத்தையோ அழுக்கையோ தடுக்கும் எந்தப் பொருளையும் இரண்டு காலங்களில் சோதிக்க வேண்டும் என்பது என் அளவுகோல். அது புதிதாக இருந்து வேலை செய்யும் காலம் ஒன்று. அது உடைந்து, தேய்ந்து, எறியப்படும் காலம் மற்றது. விற்பவர் முதல் காலத்தைத்தான் காட்டுவார். நம் வீட்டில் நடப்பது இரண்டாவது.

அஸ்பெஸ்டோசுக்கு முதலில் நியாயம் செய்வோம். 1900 வாக்கில் ஆஸ்திரியாவின் லுட்விக் ஹாட்செக், அஸ்பெஸ்டோஸ் நாரைச் சீமெந்துக் குழம்பில் கலந்து மெல்லிய தகடாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். ஏறக்குறைய பத்துக்கு ஒரு பங்கு நார், மிச்சம் சீமெந்து. அபாரமான கண்டுபிடிப்பு என்பதில் சந்தேகமில்லை. கடற்காற்றில் துருப்பிடிக்காது. கறையான் தின்னாது. மழை பெய்யும்போது தகரம்போல் காதைப் பிளக்காது. கிடுகுக் கூரைகள் ஒரு தீக்குச்சிக்கு எரிந்து விழுந்ததைக் கண்ட ஊர்களில், எரியாத கூரை என்பது வெறும் வசதி இல்லை, பயம் நீங்கிய தூக்கம். சீற் வாங்கிய எங்கள் சனத்தை அறியாமையில் செய்தார்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அன்றைய தெரிவுகளில் அதுதான் நல்லதாகத் தெரிந்தது.

ஆனால் அது வெக்கையைத் தடுக்கிறதா? கணக்குப் பார்த்தால் ஏமாற்றம்தான். ஒரு பொருளின் தடிப்பை அதன் வெப்பக் கடத்துதிறனால் வகுத்தால் வெப்பத் தடை கிடைக்கும். ஆறு மில்லிமீற்றர் சீற்றுக்கு அது ஏறக்குறைய 0.02. பத்துச் சென்ரிமீற்றர் உமிக்கு ஏறக்குறைய 2. நூறு மடங்கு வித்தியாசம். அஸ்பெஸ்டோஸ் நார் வெப்பக் காப்புக்குப் பெயர்போனது உண்மை. ஆனால் அந்தப் பெயர் கொதிகலனையும் நீராவிக் குழாயையும் சுற்றித் தடிப்பாகக் கட்டிய பஞ்சுக்கு உரியது. சீமெந்தில் இறுக்கிய மெல்லிய தகட்டுக்கு அந்தப் பெருமையில் பங்கில்லை. சீற் வீட்டுக்குள் இருப்பவர்களின் வியர்வை அதற்குச் சாட்சி.

அந்தப் பஞ்சின் கதை நம் துறைமுகத்துக்குத் தூரமானதல்ல. 1957 வரை திருகோணமலை பிரித்தானியக் கடற்படையின் தளம். அங்கு வந்து நின்ற போர்க்கப்பல்களின் கொதிகலன் அறைகளும் குழாய்களும் அஸ்பெஸ்டோசால் போர்த்தப்பட்டவை. அந்தப் போர்வையைப் பிரித்துப் பழுதுபார்த்த இங்கிலாந்துக் கப்பல்தளத் தொழிலாளர்கள் பலருக்கு, பல பத்தாண்டுகள் கழித்து, நுரையீரல் உறையில் புற்று வந்தது. 1924 இலேயே ரொச்டேல் நகரின் ஆலைத் தொழிலாளி நெல்லி கெர்ஷாவின் மரணத்தை அஸ்பெஸ்டோஸ் தூசியோடு சேர்த்து மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். அறிவு இருந்தது. விற்பனையும் நிற்கவில்லை.

வடிகட்டியாகவும் இதே நார் உழைத்தது. வைன் தெளிவிக்கவும், மருந்துத் திரவங்களைச் சுத்திகரிக்கவும் அஸ்பெஸ்டோஸ் அட்டைகளைப் பயன்படுத்தினார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படையினரின் நச்சுவாயு முகமூடிகளில் நீல அஸ்பெஸ்டோஸ் இருந்தது. 1952 இல் அமெரிக்காவில் வந்த கென்ற் சிகரெட், புகையிலிருந்து நுரையீரலைக் காக்கும் புது வடிகட்டி என்று மைக்ரோனைற்றை விளம்பரப்படுத்தியது. 1956 வரை அந்த வடிகட்டிக்குள் இருந்தது நீல அஸ்பெஸ்டோஸ். நார்களிலேயே மிகக் கொடியது அது. தூசியைப் பிடிக்கும் திறனில் அது உண்மையாகவே சிறந்தது. நார் அவ்வளவு மெல்லியது. அதே மெல்லிய தன்மைதான் அதை நுரையீரலின் கடைசி அறை வரை கொண்டுபோய் அங்கேயே தங்கவைத்தது. முதல் காலத்தின் சிறப்பும் இரண்டாம் காலத்தின் கேடும் ஒரே குணத்திலிருந்து பிறந்தவை. இந்த ஒரு உதாரணத்துக்காகவே வடிகட்டி செய்யும் ஒவ்வொரு பொறியியல் மாணவரும் கென்ற் சிகரெட்டின் கதையைப் படிக்க வேண்டும் என்பேன்.

இலங்கை இதைத் தெரிந்துகொண்டுதான் 2018 முதல் அஸ்பெஸ்டோஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி, 2024 இற்குள் முற்றாக நிறுத்துவது என்று முடிவெடுத்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் ஒரு வண்டு கண்டதாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையைத் தடுத்தது. நமக்கு அஸ்பெஸ்டோஸ் விற்கும் முதன்மை நாடும் ரஷ்யாதான். சில நாட்களுக்குள் அஸ்பெஸ்டோஸ் தடையை இலங்கை ஒத்திவைத்தது. மாத முடிவுக்குள் தேயிலைக்கு வழி திறந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் சோறும் கூரைத் தொழிலாளியின் மூச்சும் ஒரே தராசில் வைக்கப்பட்டன. சீற்றில் இருக்கும் வெள்ளை அஸ்பெஸ்டோஸ் பாதுகாப்பானது என்ற வாதத்தை இதில் யாரும் நிரூபிக்கவில்லை. அஸ்பெஸ்டோசின் எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

இனி உமி.

ஒரு தொன் நெல்லுக்கு ஏறக்குறைய 200 கிலோ உமி. அதன் கோதில் சிலிக்கா நிறைந்திருப்பதால் பூஞ்சணம் பிடிப்பது கடினம், மாடும் விரும்பித் தின்னாது, தீயும் சுவாலைவிட்டு எரியத் தயங்கும். படகு வடிவக் கோதுகள் ஒன்றின்மேல் ஒன்று விழும்போது இடையில் காற்று சிறைப்படுகிறது. அந்தச் சிறைப்பட்ட காற்றுதான் காப்பு. நிலத்தில் கொட்டிய உமியை அள்ளினால் அடியில் இருப்பது குளிர்ந்திருக்கும். ஐஸ் கட்டியை உமிக்குள்ளும் மரத்தூளுக்குள்ளும் புதைப்பவர்களுக்கு இதற்குப் பாடநூல் தேவையில்லை. 1833 இல் பொஸ்ரனிலிருந்து கல்கத்தாவுக்கு நான்கு மாதம் கடலில் வந்த ஐஸ் முழுதும் கரைந்துவிடாமல் சேர்ந்ததும், அதன் பிறகு சென்னையில் ஐஸ் ஹவுஸ் எழுந்ததும், மரத்தூள் போன்ற இத்தகைய எளிய போர்வைகளை நம்பித்தான்.

நானூறு சதுர அடி வீட்டின் கூரைத்தட்டில் பத்துச் சென்ரிமீற்றர் தடிப்புக்கு உமி பரப்பினால் நாலு கன மீற்றருக்கும் குறைவாகவே வேண்டும். எடை ஏறக்குறைய 400 கிலோ. அது இரண்டு தொன் நெல்லின் உமி. நம் நாட்டுச் சராசரி விளைச்சலில் ஓர் ஏக்கர் வயல் ஒரு போகத்தில் கொடுப்பது. ஓர் ஏக்கர் வயலின் ஒரே போகம் ஒரு குடும்பத்தின் கூரையைக் குளிர்விக்கும் அளவு உமியை மீதம் விடுகிறது என்ற இந்தக் கணக்கை முதன்முறை போட்டபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

ஆனால் மகிழ்ச்சி தீர்ப்பாகாது. உமிக்கும் குறைகள் உண்டு. சும்மா கொட்டினால் அமர்ந்துபோகும், ஆறு மாதத்தில் ஓரத்தில் இடைவெளி விழும். குறுநொய் கலந்த உமி எலியை அழைக்கும். ஒழுகும் கூரையின் கீழ் ஊறினால் காப்பு போய்ப் பாரம் மட்டும் மிஞ்சும். சுவாலைவிட்டு எரியாது என்றேன். கனன்று எரியும், கனலத் தொடங்கிய உமியை அணைப்பது பெரும் பாடு. மின் இணைப்பு வயர் உமிக்குள் ஓடவே கூடாது. 1978 புயலை நினைவில் வைத்திருக்கும் கிழக்கு மாகாணத்தவருக்குக் கூரைத்தட்டின் கட்டுமானம் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. எனவே நன்கு புடைத்து, காயவைத்து, சாக்கில் இறுக்கித் தைத்த தலையணைகளாக அடுக்குவதே சரி. போட்டியாகச் சந்தையில் வெள்ளித்தாள் இருக்கிறது. தகரத்திலிருந்து இறங்கும் கதிர்வீச்சை அது நன்றாகவே திருப்பும், விரிப்பதும் சுலபம். தூசி படிந்ததும் அந்தத் திறன் குறையும், காசும் கொடுக்க வேண்டும். காசிருப்பவர் தாளைப் போடட்டும். அதில் தவறில்லை. காசில்லாதவருக்கு உமி அதைவிடத் தாழ்ந்ததும் இல்லை.

உமிச் சாம்பலுக்கு இன்னும் பெரிய புகழ் உண்டு, அங்கேதான் நான் அதிகக் கண்டிப்போடு இருக்க விரும்புகிறேன். உமியை எரித்தால் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை சாம்பல். அதில் பெரும்பகுதி சிலிக்கா. 1978 இல் கலிபோர்னியாவில் பேராசிரியர் பி. கே. மேத்தா உமிச் சாம்பலைச் சீமெந்தோடு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். உருக்காலைகளில் கொதிக்கும் உருக்கின் மேல் வெப்பம் போகாமல் தூவுவதும் இந்தச் சாம்பலே. 2009 டிசம்பரில் டாடா கெமிக்கல்ஸ் ‘ஸ்வச்’ என்ற தண்ணீர் வடிகட்டியை இந்தியாவில் வெளியிட்டது. அப்போதைய விலை 749 இந்திய ரூபாயிலிருந்து. மின்சாரம் வேண்டாம், குழாய்நீர் வேண்டாம், ஒரு வடிகட்டிக் குப்பி 3,000 லீற்றர் தண்ணீருக்குப் போதும். உமிச் சாம்பலில் நுண்ணிய வெள்ளித் துகள்களைப் பதித்ததுதான் அதன் சூட்சுமம். சாம்பல் வடித்தது, கிருமியைக் கொன்றது வெள்ளி. அந்த வேறுபாட்டை மறந்து ‘உமி தண்ணீரைச் சுத்தமாக்கும்’ என்று பேசுவது ஆபத்து. வீட்டு அடுப்புச் சாம்பலில் வெள்ளி இல்லை.

எங்கள் மாவட்டத்துக்கு இது மேலும் முக்கியம். பதவி சிறிபுரப் பக்கத்தில் காரணம் இன்னும் முழுதும் துலங்காத சிறுநீரக நோய் பரவியிருக்கிறது. அங்கு கிணற்று நீரில் சந்தேகப்படுவது கரைந்திருக்கும் புளோரைட்டையும் கடினத்தன்மையையும். கரைந்த உப்பைச் சாம்பல் வடிகட்டி பிடிக்காது. அந்தத் தண்ணீருக்கு இன்று பயன்படுவது எதிர்ச் சவ்வூடுபரவல் இயந்திரம். அதுவும் வெளியேற்றும் செறிந்த உப்புநீர் எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். சிரட்டைக் கரி நாற்றத்தையும் பல இரசாயனங்களையும் பிடிக்கும். முதல் உலகப் போரின் முகமூடிகளிலிருந்து இன்றைய ஏற்றுமதி வரை அதற்கு நல்ல வரலாறு இருக்கிறது. அதுவும் கரைந்த உப்பின் முன் கைவிரித்துவிடும்.

இனி என் அளவுகோலை நான் விரும்பும் பொருள்மீதே வைக்கிறேன். உமியை 700 பாகை செல்சியசுக்குக் கீழே எரித்தால் சாம்பலின் சிலிக்கா ஒழுங்கற்ற அமைப்பில் இருக்கும். சூளையிலும் ஆலைக் கொதிகலனிலும்போல வெப்பம் 900 ஐத் தாண்டினால் அது பளிங்காக மாறத் தொடங்கும். மூச்சில் போகும் பளிங்குச் சிலிக்காவையும் 1997 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம், அஸ்பெஸ்டோஸ் இருக்கும் அதே முதலாம் பிரிவில் சேர்த்தது. வெண்மையாக, மாவாக, பார்க்க அழகாக இருக்கும் சாம்பலே அதிகம் சந்தேகிக்க வேண்டிய சாம்பல். அதைக் காய்ந்த நிலையில் அள்ளும் ஆலைத் தொழிலாளி முகத்தில் ஒரு துணிகூட இல்லாமல் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அஸ்பெஸ்டோஸ் ஆலையின் நூறு வருடத்துக்கு முந்தைய தவறு, இயற்கைப் பொருள் என்ற பெயரில் நம் ஊரில் திரும்ப நடக்கக்கூடாது.

ஆகவே என் தீர்ப்பு இது. எரிக்காத உமி, காய்ந்து சாக்கில் தைத்த உமி, வயலோரக் கிராமத்தின் தகரக் கூரைக்குக் கிடைக்கக்கூடிய நல்ல வெப்பக் காப்பு. இரண்டு காலங்களிலும் தேறுகிறது. பழசானால் வயலில் கொட்டலாம். உமிச் சாம்பல் கட்டுப்படுத்திய வெப்பத்தில், பயிற்சியுள்ளவர் கையில், ஈரமாகக் கையாளப்பட்டால் மட்டும் தேறும். கிருமியுள்ள தண்ணீருக்கு வெள்ளி பதித்த வடிகட்டி உதவும், சிறுநீரக நோய்ப் பகுதிக்கு உதவாது. அஸ்பெஸ்டோஸ் சீற் வெக்கையைத் தடுப்பதிலும் தோற்றது, உடைந்த பிறகும் தோற்றது. கடதாசிக் கூழும் செயற்கை நாரும் சேர்த்து அதே ஹாட்செக் முறையில் சீற் செய்யும் நாடுகள் இருக்கும்போது, அதைத் தொடர நமக்குக் காரணம் இல்லை.

ஏற்கெனவே சீற் போட்டிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். முழுதாக இருக்கும் கூரையைக் கண்டு பயந்து பிரிக்க வேண்டாம். அதில் துளை போடவும், வாளால் அறுக்கவும், பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்க்கவும் வேண்டாம். மாற்ற நேர்ந்தால் தண்ணீர் ஊற்றி நனைத்து, முழுத் தகடாக இறக்குங்கள். உடைந்த துண்டுகளைக் கோழிக்கூட்டுக்கும் வேலிக்கும் வைக்காதீர்கள், பள்ளத்தில் போட்டு நொறுக்காதீர்கள். பிள்ளைகள் அவற்றால் தரையில் கோடு கீறி விளையாடுகிறார்கள். இன்றைக்கே பொறுக்கி, நனைத்து, தடித்த பையில் கட்டி வையுங்கள்.