ரயிலுக்குப் பின் 63 ஆண்டு

பெர்சி ஹொரேஸ் கென்ட் சீன ரயில்வேயின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் பற்றி எழுதிய ஆங்கில நூல் 1907-இல் லண்டனில் வெளிவந்தது. ஷாங்காய்க்கும் ஊசுங்குக்கும் இடையே 1876-இல் அந்நிய வணிகர்கள் ஓட்டிய ரயிலைச் சீன அதிகாரிகள் விலைக்கு வாங்கி, மறு ஆண்டே தண்டவாளத்தைப் பெயர்த்துப்போட்டது அந்தக் காலத்து ஐரோப்பியர்களுக்கு ஆறாத வியப்பு. தண்டவாளம் போட்டால் தொழில் தானே பின்னால் வரும் என்பது அவர்கள் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட நம்பிக்கை. இந்திய ரயில்வேயைப் பற்றி டேவிட்சன் 1868-இலும் ஹொரேஸ் பெல் 1894-இலும் எழுதிய நூல்கள் அதே காலத்துக் குழந்தைகள். அவர்களுக்கு நேரெதிர் அணியில் நின்ற கார்ல் மார்க்ஸும் 1853-இல், ரயில்வே இந்தியாவில் நவீனத் தொழிலுக்கு முன்னோடியாகும் என்றே கணித்தார். எதிரெதிர்த் தரப்பினர் ஒத்துப்போகும் கருத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்குத் திருப்பூரை விட நல்ல ஊர் கிடைக்காது.

ராயபுரத்திலிருந்து 1856-இல் ஓடத் தொடங்கிய மெட்ராஸ் ரயில்வே, சேலம், ஈரோடு, திருப்பூர், போத்தனூர் வழியாக 1862-இல் மேற்குக் கடற்கரையைத் தொட்டது. மாவட்டத் தலைநகரான கோயம்புத்தூருக்கு அந்தப் பேறு உடனே கிடைக்கவில்லை. மேட்டுப்பாளையம் கிளைப் பாதை 1873-இல் வரும்வரை போத்தனூர்தான் அதற்கு ஸ்டேஷன். ஆனால் 1888-இல் முதல் நூற்பாலை எழுந்தது கோயம்புத்தூரில்தான். கோயம்புத்தூரை விடப் பதினோரு ஆண்டு முன்னதாக ரயிலைப் பார்த்த திருப்பூரில் பனியன் பின்னும் மெஷின் ஓடத் தொடங்கியது 1925 வாக்கில். ரயில் வந்து 63 ஆண்டு! இடைப்பட்ட காலத்தில் ரயில் செய்தது பஞ்சை ஏற்றிக்கொண்டு போனதும், சீமைச் சரக்கைக் கொண்டுவந்து இறக்கியதும். இந்தப் பாதைகளுக்குப் போட்ட முதலுக்கு 5 சதவீத வட்டி உறுதி செய்யப்பட்டிருந்தது. துண்டு விழுந்தால் இந்திய வரிப்பணம் ஈடுகட்டும். தண்டவாளமும் எஞ்சினும் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்தே வந்தன. ரயில்வே ஒரு தொழிலை வளர்த்தது உண்மைதான், அந்தத் தொழில் இருந்த நாடு வேறு.

அப்படியானால் இங்கே தொழில் எங்கிருந்து வந்தது? ரயிலை விடப் பாசனமே முக்கியம் என்று வாதாடியவர் ஆர்தர் காட்டன். அந்தக் கட்சியை ரொமேஷ் தத்தும் எடுத்துக்கொண்டார். கொங்கு நாடு அவர்கள் பக்கம் சாய்கிறது, ஆனால் அவர்கள் நினைத்த வாய்க்கால் வழியாக அல்ல. இங்கே கிணற்றைத் தோண்டியதும் தோல் சாலில் தண்ணீர் இறைத்ததும் குடியானவன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி வந்தபோது, தண்ணீர் கட்டினால் நன்றாக விளையும் அந்தப் பயிருக்குக் கிணறுகள் தயாராக இருந்தன. பிறகு ஜின்னிங் ஆலைகள், 1932-இல் பைக்காரா மின்சாரம். தமிழக நாட்டுப்புறப் பொருளாதாரம் பற்றி கிறிஸ்டோபர் பேக்கர் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சங்கிலியின் முன்பாதியை விளக்குகிறது. பின்பாதிக்குச் சரத் சாரியின் 2004-ஆம் ஆண்டு நூல்: தோட்டங்காட்டை விட்டுவந்த கவுண்டர்கள் பனியன் கம்பெனியில் வேலை பார்த்து, பிறகு தாங்களே முதலாளியாகி, எல்லாவற்றுக்கும் காரணம் ‘உழைப்பு’ என்று சொன்ன கதை. கூலிக்கு உழைத்தவர்கள் பஞ்சப்படி கேட்டு 1984-இல் 127 நாள் வேலைநிறுத்தம் செய்ததையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தச் சொல்லின் எடை தெரியும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தாலுகாக் கச்சேரி பல்லடத்தில் இருந்தது, ஸ்டேஷன் திருப்பூரில். பஞ்சுச் சந்தை கச்சேரியைத் தேடிப் போகவில்லை, ஸ்டேஷனைத் தேடி வந்தது. ஸ்டேஷன் இல்லாத காங்கேயமும் தாராபுரமும் அதே கரிசல், செம்மண் வட்டாரத்தில் இருந்தும் பனியன் ஊர் ஆகவில்லை. பஞ்சு விற்ற பணம்தானே பின்னால் மெஷினானது என்றும் கேட்கலாம். இந்திய ரயில்வே பற்றிப் பொருளியலாளர் டொனால்ட்சன் 2018-இல் வெளியிட்ட ஆய்வும், ரயில் எட்டிய மாவட்டங்களில் உண்மையான வேளாண் வருமானம் ஏறக்குறைய 16 சதவீதம் உயர்ந்தது என்கிறது. மறுக்கவில்லை. ஆனால் அது அளந்தது வேளாண் வருமானத்தை. அதே பாதையில் அடுத்தாற்போல் இருக்கும் ஊத்துக்குளிக்கும் ஸ்டேஷன் உண்டு. அந்த ஊர் வெண்ணெய்க்குத்தான் பேர்போனது. தொழில் எந்த ஊரில் குவியும் என்பதில் ரயிலுக்குப் பங்குண்டு. என்ன தொழில், எப்போது, யார் கையில் என்பதை முடிவு செய்தது அது இல்லை. (1909-இல் ‘ஹிந்து சுவராஜ்’ நூலில் ரயிலைச் சாடினார் காந்தி, அவருடைய கதருக்கும் பெரிய மையமாக அமைந்தது இந்த ஸ்டேஷன் ஊர்தான்.)

சீனாவில் ‘யார் கையில்’ என்ற கேள்வி வெளிப்படையாகவே எழுந்தது. மாகாணத்தார் பணம் போட்ட பாதையை அரசு எடுத்துக்கொண்டு அந்நியக் கடனுக்குப் போனபோது, 1911-இல் சிச்சுவானில் வெடித்த எதிர்ப்பு மன்னராட்சியின் முடிவுக்கே வழிதிறந்தது. அந்த வெளிச்சத்தில் பார்த்தால் ஊசுங் பாதையைப் பெயர்த்தவர்கள் வெறும் பழமைவாதிகளாகத் தெரியவில்லை. திருப்பூரில் அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் வாய்ப்பே இருக்கவில்லை. ரயில்வேயை வைத்தே இந்த ஊரின் கதையைத் தொடங்கும் எழுத்தாளர்கள், கிணற்று மேட்டிலிருந்தும் ஒருமுறை தொடங்கிப் பார்க்கட்டும். ஏற்றுமதிப் பனியன் இன்று தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பெரும்பாலும் போவது கண்டெய்னர் லாரியில்.