தேய்மானம் போக...

உங்கள் வீட்டுப் பரணில் பழைய ரெக்கார்ட் பிளேயர் ஏதாவது கிடக்கிறதா? அப்படியென்றால் ஒரு வேண்டுகோள். இந்தப் பக்கத்தைப் படித்து முடிக்கும் வரை அதை பிளக்கில் சொருகாதீர்கள். முக்கியமாக, இசைத்தட்டு எதையும் அதன் மேல் வைத்துவிடாதீர்கள்.

மேல்விஷாரத்தில் எனக்கு ஒரு நண்பர். மூன்று தலைமுறையாகத் தோல் வியாபாரம். "அத்தாவோட பிளேயர் ஒண்ணு பரண்ல இருக்கு சார். ஹால்ல ஷோகேஸ் போடறோம். நடுவுல அதை வெச்சா அமர்க்களமா இருக்கும்னு இன்டீரியர்காரர் சொல்றாரு. வந்து பாருங்க" என்று போன் செய்தார். போனேன். பிரியாணியும் ஒரு காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

பரணிலிருந்து இறங்கியது ஒரு கரார்ட். இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரத்துத் தயாரிப்பு. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனம். கூடவே வேட்டித் துணியில் சுற்றிய முப்பது சொச்சம் இசைத்தட்டுகள். எழுபதுகளில் மூர் மார்க்கெட்டில் வாங்கியதாம். நம்பலாம். மேல்விஷாரத்துத் தோல் வியாபாரிகளுக்கு அந்த வட்டாரம் இரண்டாவது வீடு மாதிரி. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் சித்திக் சராயைக் கட்டியவரே இந்த ஊர்க்காரர்தான்: வள்ளல் சி. அப்துல் ஹக்கீம். சராயில் படுக்கை, பெரியமேட்டில் வியாபாரம், மிச்ச நேரத்துக்கு மூர் மார்க்கெட். அந்த மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்து போனது. கடைகள் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்கு இடம் மாறின. அத்தாவின் பிளேயர் மட்டும் மேல்விஷாரம் பரணில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

நான் பி.காம். படித்தவன். தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. எந்த இயந்திரமும் வருஷா வருஷம் மதிப்பு குறைந்து கடைசியில் இரும்பு விலைக்கு வந்துவிடும் என்பது கணக்கு. டர்ன்டேபிள் விஷயத்தில் இந்தக் கணக்கு தலைகீழ். அமெரிக்காவில் 2022இல் சி.டி. 3 கோடியே 30 லட்சம் விற்றது. வினைல் தட்டுகளோ 4 கோடியே 10 லட்சம். 1987க்குப் பிறகு எண்ணிக்கையில் தட்டு சி.டி.யை முந்தியது அதுதான் முதல் முறை. 1972இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 பிளேயரை 2010இல் நிறுத்தினார்கள். 2016இல் அவர்களே திரும்பக் கொண்டுவந்தார்கள். பழசுக்கு மவுசு வந்தாயிற்று. சந்தோஷம்தான்.

ஆனால் இந்த மவுசோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. எல்லோரும் பிளேயரின் விலை ஏறுவதைப் பார்க்கிறார்கள். தட்டின் தேய்மானத்தை யாரும் பார்ப்பதில்லை.

நண்பரின் மகன் கல்லூரியில் படிக்கிறான். சூட்கேஸ் மாதிரி மூடித் திறக்கிற புது பிளேயர் ஒன்றை ஆன்லைனில் வாங்கி வைத்திருந்தான். பார்க்க அழகு. தாத்தாவின் தட்டுகளிலிருந்து நாகூர் ஹனிபாவை எடுத்து அதில் போட்டான். நாகூர் இ.எம். ஹனிபாவைத் தெரியாதவர் உண்டா? 2015இல் 89 வயதில் மறைந்தவர். திராவிட இயக்க மேடைகளிலும் தர்கா விழாக்களிலும் மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்ட குரல். அந்தக் குரல் டால்டா டப்பாவுக்குள் அடைபட்ட மாதிரி வந்தது. கம்பீரம் போய் ஜலதோஷம் பிடித்த ஹனிபா!

காரணம் இருக்கிறது. இந்த வகைப் பெட்டிகள் பலவற்றில் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ். ஊசி ஐந்து, ஆறு கிராம் எடையோடு தட்டை அழுத்தும். நல்ல பிளேயரில் அது இரண்டு, மூன்று கிராம். மூன்று கிராம் வித்தியாசம் பிரமாதமா என்று கேட்காதீர்கள். அந்த எடை முழுவதையும் தாங்குவது கண்ணுக்குத் தெரியாத ஊசி முனை. அது போகிற பள்ளத்தின் சுவரில்தான் ஹனிபாவின் குரல் இருக்கிறது. மொட்டை ஊசியாக இருந்தால் பாட்டைப் பாடிக்கொண்டே சுரண்டி எடுத்துவிடும். நீலக்கல் ஊசிக்கு ஆயுள் சுமார் ஐம்பது மணி நேரம். வைர ஊசி என்றால் ஐந்நூறிலிருந்து ஆயிரம். தாத்தா கடைசியாக எப்போது ஊசி மாற்றினார் என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் முதல் பாராவில் அந்த வேண்டுகோள்.

வேலூரிலிருந்து ஒரு பழைய ரேடியோ மெக்கானிக்கைப் பிடித்து வந்தோம். அவர் கரார்ட்டைத் திறந்ததும் முதலில் எடுத்தது ஸ்க்ரூ டிரைவர் அல்ல, பழைய பல் துலக்கும் பிரஷ். ஐம்பது வருஷ கிரீஸ் அரக்காக இறுகிப் போயிருந்தது. சுரண்டிக் கழுவி, புது எண்ணெய் விட்டார். மோட்டாரின் சுழற்சியைத் தட்டுக்குக் கடத்துவது ஒரு சின்ன ரப்பர் சக்கரம். அது கல்லாகியிருந்தது.

"லெதர் பெல்ட்ல உக்காந்துக்கிட்டு ரப்பருக்கு அலையணுமா? நைஸான தோல் சுத்திடலாமே" என்றார் நண்பர்.

"வேணாம் பாய். தோல் நீளும். கனமும் ஒரே மாதிரி இருக்காது. பாட்டு அழும்" என்றார் மெக்கானிக்.

வேகம் ஏறி இறங்கி ராகம் இழுபடுவதற்கு இதைவிட நல்ல வார்த்தை நான் கேட்டதில்லை.

ரப்பர் சக்கரம், கார்ட்ரிட்ஜ், வைர ஊசி எல்லாம் வரவழைத்துப் பொருத்த மூன்று வாரம் ஆனது. ஊசியின் எடையை நகை நிறுக்கிற டிஜிட்டல் தராசில் மூன்று கிராமுக்குச் சரிசெய்தார். வேகம் பார்க்க ஒரு எளிய வித்தை. 180 கோடு போட்ட வட்டக் காகிதத்தைச் சுழலவிட்டு டியூப் லைட் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு நூறு முறை மினுக்கும். வேகம் சரியாக முப்பத்து மூன்றே கால்வாசியைத் தாண்டி மூன்றில் ஒன்றில் நின்றால் கோடுகள் அசையாமல் நிற்கிற மாதிரி தெரியும். ஹாலில் எல்லாம் எல்.இ.டி. அதில் ஒன்றும் தெரியவில்லை. பின்கட்டில் சோக் வைத்த பழைய டியூப் லைட் ஒன்று மிச்சமிருந்தது. அதன் அடியில் கரார்ட்டைத் தூக்கிப் போய் வைத்தோம். கோடுகள் நின்றன.

(சவுதியிலிருந்து பிளேயர் கொண்டு வந்தவர்கள் கவனிக்க: அங்கே 60 ஹெர்ட்ஸ். மின்சாரத்தின் துடிப்பை நம்பிச் சுழலும் மோட்டார் என்றால் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். பி. சுசீலா ஆண் குரலில் பாடுவார்.)

இப்போது தீர்ப்பு. வினைல்தான் ஒரிஜினல் சவுண்டு, மற்றதெல்லாம் டூப்ளிகேட் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அளந்து பார்த்தால் சி.டி.தான் துல்லியம். தட்டில் பொரிகிற சத்தம் உண்டு. உள்வட்டத்துக்குப் போகப் போகக் கடைசிப் பாட்டு கொஞ்சம் நெரிசலில் பாடும். எல்லாம் தெரிந்தே சொல்கிறேன், கரார்ட்டில் ஹனிபா எழுந்து நின்றார். சூட்கேஸில் கேட்ட அதே தட்டு, அதே பாட்டு. இங்கே மூச்சு இழுப்பது கேட்டது. பின்னால் டேப் அடிப்பவரின் விரல் கேட்டது. அந்த முப்பதில் நாலைந்து தட்டுகளின் பாட்டுகள் எந்த ஆப்பில் தேடியும் கிடைக்கவில்லை. அவற்றைப் பொறுத்தவரை இந்தத் தட்டே மூலப்பத்திரம். மூலப்பத்திரத்தை ஆணியால் கீறுவோமா?

ஆகவே பிளேயர் கிடைத்தால் முதலில் ஊசியை மாற்றுங்கள். பிறகு எடை, பிறகு வேகம். தட்டுகளை அடுக்கி வைக்காமல் புத்தகம் போல் நிறுத்தி வையுங்கள். இதற்கெல்லாம் பொறுமை இல்லையென்றால் ஷோகேஸில் வையுங்கள், தப்பில்லை. ஆனால் அலங்காரத்துக்கு வைத்த இயந்திரத்தில் விருந்தாளி வரும்போது மட்டும் தட்டைப் போட்டு ஓட்டாதீர்கள்.

அன்று சாயங்காலம் ஹனிபா பாடிக்கொண்டிருக்கும்போதே பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. உள் அறையிலிருந்து நண்பரின் அம்மா குரல் கொடுத்தார்: "ஊசியைத் தூக்குப்பா."

பேரன் ஓடிப்போய் கைப்பிடியைத் தூக்கினான். "அத்தா அப்படித்தான் சார். பாங்கு சொன்னா, பக்திப் பாட்டா இருந்தாலும் நிறுத்திடுவாரு" என்றார் நண்பர். அது அவருக்கே அப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி இருந்தது.

போன வாரம் பேசினார். ஷோகேஸ் வேலை முடிந்துவிட்டதாம். பிளேயர் இருக்கிற தட்டுக்கு மட்டும் கண்ணாடிக் கதவு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

"அம்மா கூப்பிட்டா உடனே கை எட்டணும் இல்ல சார்?"