ஓப்பன் ரெயில்ஸ்: கணினி ஓட்டுநர் ஏன் நின்றார்?

ரயில் சிமுலேட்டரில் நாம் ஓட்டுவது ஒரே ஒரு ரயில். எதிரே வரும் கூட்ஸ், நமக்கு முன்னால் போகும் பாசஞ்சர், யார்டில் பெட்டி மாற்றிக்கொண்டிருக்கும் இன்ஜின் எல்லாம் கணினியின் பொறுப்பு. அந்த ஓட்டுநர்களில் ஒருவர் நடுவழியில் நின்றுவிட்டால் பின்னால் வருவது அத்தனையும் வரிசையாக நிற்கும். கடைசியில் நமக்கும் சிவப்புதான். இத்தகைய விளையாட்டுகளை விமர்சிப்பவர்கள் இன்ஜினின் பளபளப்பையும் கண்ணாடியில் வழியும் மழையையும் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். நான் பார்ப்பது வேறு. கணினி ஓட்டுநர் நின்றுபோனால், ஏன் நின்றார் என்று தெரிந்துகொள்ள அந்த மென்பொருள் நமக்கு வழி விடுகிறதா? நான் ஓட்டிப்பார்த்தவற்றில் இதற்கு ஒளிவுமறைவின்றிப் பதில் சொல்வது ஓப்பன் ரெயில்ஸ்தான்.

2001ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட டிரெயின் சிமுலேட்டரின் தடங்களையும் வண்டிகளையும் அப்படியே எடுத்து ஓட்டுவதற்காகத் தன்னார்வலர்கள் எழுதிய இலவச, திறமூல மென்பொருள் இது. பழைய விளையாட்டின் கோப்புகளைப் படிக்கும், ஆனால் அதன் நிரலில் ஒரு வரியைக்கூடப் பயன்படுத்தாது. சிக்னல் கணக்கு, தட ஒதுக்கீடு, கணினி ஓட்டுநர் எல்லாமே புதிதாக எழுதப்பட்டவை. பழைய விளையாட்டில் சிக்கலில்லாமல் ஓடிய ஒரு பயிற்சி (ஆக்டிவிட்டி என்ற பெயரில் முன்கூட்டியே எழுதிவைத்த ஓட்டம்) இங்கே முட்டி நிற்பதற்கும், அங்கே முடியாத வேலைகள் இங்கே நடப்பதற்கும் இதுவே காரணம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கணினி ஓட்டுநருக்குச் சொந்தமாக வழி தேடத் தெரியாது. எங்கே தொடங்குவது, எந்த பாயின்டில் எந்தப் பக்கம் திரும்புவது, எங்கே திசை மாறுவது, எங்கே முடிப்பது என்பதெல்லாம் பாதைக் கோப்பில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். அந்தப் பாதையில் தனக்கு முன்னே உள்ள தடப்பகுதிகளை ஓட்டுநர் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவார். கிடைத்த தூரம்வரை ஓட்டுவார், கிடைக்காத இடத்தில் பிரேக் போடுவார். சிங்கிள் லைனில் லைன் கிளியர் வாங்காமல் வண்டியை விட மாட்டார்களே, அந்த ஒழுங்கு இங்கே மென்பொருளுக்குள் நடக்கிறது. ஆகவே, நின்றுபோன ஓட்டுநரைத் திட்டுவதில் பயனில்லை. அவர் எதைக் கேட்டார், யார் கொடுக்கவில்லை என்பதைத்தான் தேட வேண்டும்.

தேடுவதற்கான கருவி திரையிலேயே இருக்கிறது. எஃப் 5 விசையை அழுத்தித் தகவல் பலகையைத் திறந்து, ஷிஃப்ட்டோடு அதே விசையைத் தட்டிக்கொண்டே போனால் டிஸ்பேச்சர் பக்கம் வரும். அந்த நேரத்தில் உயிரோடிருக்கும் எல்லா ரயில்களும் அங்கே வரிசைக்கு ஒன்றாக நிற்கும். எவ்வளவு தூரம் ஓடியது, இப்போதைய வேகம், அனுமதிக்கப்பட்ட வேகம், ஓட்டுநர் என்ன செய்துகொண்டிருக்கிறார், எதுவரை அனுமதி இருக்கிறது, அடுத்த சிக்னல் என்ன சொல்கிறது, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எல்லாம் ஒரே வரியில். இந்த மென்பொருளின் மிகச் சிறந்த அம்சம் எது என்று கேட்டால், இன்ஜின் சத்தத்தையும் நீராவிப் புகையையும் விட்டுவிட்டு இந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன்.

ஓட்டுநரின் நிலையைக் காட்டும் பத்தியில் மூன்றெழுத்துச் சுருக்கம் ஒன்று இருக்கும். எஸ்டிஏ என்றிருந்தால் வண்டி ஸ்டேஷனில் நிற்கிறது. பக்கத்துப் பத்தியிலேயே புறப்பாட்டு நேரம் தெரியும். இது பழுதே இல்லை. பிளாட்பாரத்துக்கென்று எழுதப்பட்ட குறைந்தபட்ச நிறுத்த நேரம் முடியவில்லை, அவ்வளவுதான். டபிள்யூடிபி என்றால் பாதையில் குறித்துவைத்த காத்திருப்புப் புள்ளி. ஐஎன்ஐ என்றால் மென்பொருள் அந்த ரயிலை இப்போதுதான் தயார்செய்துகொண்டிருக்கிறது, வழக்கமாக இது கண்ணில் படாது. எஃப்ஓஎல் என்றால் முன்னால் போகும் வண்டியை ஒட்டிப் போய்க்கொண்டிருக்கிறது. "ரயில் நின்றுவிட்டது" என்று வரும் புகார்களில் பாதி இந்தச் சுருக்கங்களைப் படித்ததுமே கரைந்துவிடும்.

மீதிப் பாதிக்கு அனுமதிப் பத்தியைப் பார்க்க வேண்டும். டிஏஎச் என்றால் முன்னே வேறொரு ரயில் நிற்கிறது. ஆர்எஸ்டபிள்யூ என்றால் எதிரே உள்ள பாயின்டை இன்னொரு ரயில் பிடித்துவைத்திருக்கிறது. அப்படியானால் நின்ற வண்டியை விட்டுவிட்டு, பிடித்துவைத்திருக்கும் வண்டியைத் தேடிப் போங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். என்ஓபி என்றால் பாதையே ஒதுக்கப்படவில்லை. இதைக் கண்டால் எனக்குச் சந்தேகம் முதலில் பாதைக் கோப்பின் மேல்தான் போகும். இன்னொரு பத்தி, வண்டி சிக்னலை நம்பி ஓடுகிறதா, சிக்னல் இல்லாத தடத்தில் பகுதி பகுதியாக அனுமதி வாங்கி ஓடுகிறதா என்று காட்டும். அங்கே ஓஓசி என்று வந்துவிட்டால் நிலைமை மோசம். வண்டி கட்டுப்பாட்டை மீறிவிட்டது: சிவப்பைத் தாண்டியிருக்கலாம், தவறாகத் திருப்பிய பாயின்டில் ஏறியிருக்கலாம், எழுதிய பாதையை விட்டே விலகியிருக்கலாம்.

இதையெல்லாம் சோதித்துப் பார்க்க நான் பரிந்துரைக்கும் தடம் ஜப்பானின் ஹிசாட்சு லைன். மைக்ரோசாஃப்ட் விளையாட்டோடு வந்த தடங்களில் ஒன்று அது. கியூஷு தீவில் ஹிட்டோயோஷிக்கும் யோஷிமாட்சுவுக்கும் இடையே 35 கிலோமீட்டர், இரு முனைகளையும் சேர்த்து ஐந்தே ஸ்டேஷன்கள், 1909இல் திறக்கப்பட்ட மலைப்பாதை. ஓகோபா ஸ்டேஷன் ஒரு வட்டச் சுற்றுப்பாதைக்குள் உட்கார்ந்திருக்கிறது. அங்கே வந்து நிற்கும் ரயில் பின்னோக்கி ஒரு முட்டுத் தடத்துக்குப் போய், மறுபடி முன்னோக்கித் திரும்பித்தான் மலையைச் சுற்றி ஏற முடியும். மாசாகியிலும் இதேபோல முன்னும் பின்னுமாகப் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவே யாடாகே, 2,096 மீட்டர் நீளச் சுரங்கம். 2020 ஜூலையில் குமா ஆற்றில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு இந்தப் பகுதியில் ரயில் ஓட்டம் நின்றுபோனது. அந்தத் தடத்தில் டீசல் ரயில்கார் ஏறுவதைத் திரையில் பார்க்கும்போது மனம் கனக்கத்தான் செய்கிறது.

கணினி ஓட்டுநருக்கு இதைவிடக் கடினமான பரீட்சை குறைவு. திசை மாறும் இடம் ஒவ்வொன்றிலும் பாதைக் கோப்பில் ஒரு புள்ளி வைக்க வேண்டும், அந்தப் புள்ளியின் இடம் ரயிலின் நீளத்துக்குப் பொருந்த வேண்டும். வண்டியின் வால் பாயின்டைத் தாண்டாதவரை பாயின்டைத் திருப்ப முடியாது. ஒரே ஒரு ரயில்கார் ஓட்டிப் பார்த்து எழுதிய பாதையில் நீளமான வண்டியை விட்டால், முட்டுத் தடத்தின் கடைசிக்குப் போன பிறகும் வால் பாயின்டின் மேலேயே கிடக்கும். ஓட்டுநரின் தவறு இதில் இம்மியளவும் இல்லை. புள்ளியை நகர்த்திப் பாருங்கள். இடம் போதவில்லை என்றால் பெட்டியைக் குறையுங்கள். வேறு மருந்து கிடையாது.

சிங்கிள் லைனின் இன்னொரு வியாதி, இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் வந்து, ஒன்றுக்கொன்று வழிவிட முடியாமல் நிற்பது. கிராசிங்குக்கு லூப் லைன் இருந்தாலும் அதில் போகலாம் என்று பாதையில் எழுதவில்லை என்றால் ஓட்டுநருக்கு அந்த லூப் கண்ணுக்கே தெரியாது. வழக்கமான முறையில் மாற்றுவழி அந்தந்த ரயிலின் பாதையோடு ஒட்டியே இருக்கும். இரண்டு வண்டிகளின் பாதைகளிலும் அது எழுதப்பட்டிருக்க வேண்டும். அமைப்புகளில் இடத்தோடு இணைந்த மாற்றுவழி என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டால் ஒரு ஸ்டேஷன் வழியாக நாம் ஓட்டும் ரயிலுக்கு எழுதிய முதன்மைப் பாதையும் மாற்றுவழியும் எல்லா ரயில்களுக்கும் திறந்துவிடும். எந்த வண்டி எந்த லூப்பில் கொள்ளும் என்று நீளத்தையும் கணக்குப் பார்க்கும். புதிதாகப் பயிற்சி எழுதுபவர்கள் இதைப் போட்டுவிட்டுத் தொடங்குவதே நல்லது. பழைய பயிற்சிகளுக்கு மட்டும் யோசித்துப் போடுங்கள். எந்த வண்டி எந்தத் தடத்தில் நிற்கும் என்று எழுதியவர் போட்ட கணக்கு அதில் மாறிவிடக்கூடும்.

காத்திருப்புப் புள்ளிகளில் ஒளிந்திருக்கும் எண்கள் தனிக் கதை. சாதாரண எண் என்றால் அத்தனை நொடி நிற்க வேண்டும். 3இல் தொடங்கும் ஐந்திலக்க எண் கடிகார நேரம்: 30815 என்று எழுதினால் காலை 8.15 வரை வண்டி அசையாது. 4இல் தொடங்கினால் அது ஷன்டிங் உத்தரவு. 40330 என்றால் இன்ஜினோடு சேர்த்து முன்னாலுள்ள மூன்று வண்டிகளை வைத்துக்கொண்டு மீதியைக் கழற்றிவிட்டு, 30 நொடி நிற்க வேண்டும். இவ்வளவு வேலையை ஓர் எண்ணுக்குள் அடக்கியது கெட்டிக்காரத்தனம். ஆனால் ஓர் இலக்கம் தவறினாலும் ஓட்டுநர் நாள் முழுக்க நிற்பார், திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. இதை ஒரு குறையாகவே பதிவு செய்கிறேன். ரயிலைக் கழற்றும் கட்டளைக்குத் தனிப் பெயரே கொடுத்திருக்கலாம்.

டைம்டேபிள் முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு விரிதாளில் இடப்பக்கம் ஸ்டேஷன் பெயர்கள், மேலே ரயில் பெயர்கள், நடுவே நேரங்கள். எந்த ரயிலை வேண்டுமானாலும் நாம் எடுத்து ஓட்டலாம், மற்றவை கணினிக்கு. ஒரு ரயில் இன்னொன்றுக்காகக் காத்திருக்க, இன்னொன்றைப் பின்தொடர, இணைப்பு வண்டி வந்து சேரும்வரை நிற்க என்று தனித்தனிக் கட்டளைகள் உண்டு. பிழைகள் பெரும்பாலும் எழுத்துப் பிழைகளே. ஸ்டேஷன் பெயர் தடக் கோப்பில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த நிறுத்தம் ஓட்டுநருக்கு இல்லவே இல்லை. எக்செல் போன்ற மென்பொருள்கள் நேரத்தைத் தம் விருப்பப்படி உருமாற்றும் என்பதால் கட்டங்களை முதலிலேயே வெறும் எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

சந்தேகம் தீராதபோது இரண்டு வழிகள் கைகொடுக்கும். ஒன்று, பயிற்சி முறையில் ஆல்ட் விசையோடு ஏ அழுத்தி நம் ரயிலையே கணினியிடம் கொடுத்துவிடுவது. நாம் ஓட்டும்போது தாண்டிப் போன இடத்தில் கணினி நின்றால், நாம் கவனிக்காத ஏதோ ஒரு விதி அங்கே இருக்கிறது. இரண்டாவது, டிஸ்பேச்சர் வரைபடச் சாளரத்தைத் திறந்து சிக்னலையோ பாயின்டையோ கையால் மாற்றிப் பார்ப்பது. வேறு ரயில் பிடித்துவைத்த பாயின்டை மட்டும் அது மாற்ற விடாது. அது சரியும்கூட.

குறை சொல்ல வேண்டுமென்றால் முதலில் சுருக்கங்களைத்தான் சொல்வேன். திரையில் அவற்றுக்கு விளக்கமே கிடையாது. கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் யாரும் படித்துவிட முடியாது. பிழைச் செய்திகளோ டெஸ்க்டாப்பில் விழும் பதிவுக் கோப்பில் நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே கிடக்கும். டைம்டேபிளில் ஒரு பாதையின் பெயர் தவறிவிட்டால் அந்த ரயில் சத்தமில்லாமல் பிறக்காமலே போகும். காரணம் அந்தக் கோப்பில்தான் இருக்கும். ரயில் காணோம் என்றால் முதலில் அதைத் திறந்து பாருங்கள்.

ஓடிக்கொண்டிருந்த ரயில் கண்ணெதிரே மறைந்துபோனால் காரணம் வேறு. பாதையின் கடைசிப் புள்ளிக்கு வந்த கணினி ரயிலை மென்பொருள் தடத்திலிருந்து எடுத்துவிடும். டைம்டேபிள் முறையில் அந்த ரயிலின் பத்தியில் டிஸ்போஸ் வரியைச் சேர்த்து, அது அங்கேயே நிற்க வேண்டுமா, அடுத்த ரயிலாக மாற வேண்டுமா என்று எழுதிவிட்டால் வண்டி இருக்கும். வரியே இல்லாவிட்டால், யோஷிமாட்சு பிளாட்பாரத்தில் நின்ற ரயில்கார் நாம் கேமராவைத் திருப்புவதற்குள் போய்விடும். திரும்பிப் போகும் வண்டியாக அது மாறவும் முடியாது.