அச்சம் நான்கும் பேய்ப்படங்களும்

மேனாட்டார் அக்டோபர் 31ஆம் நாள் இரவை 'ஹாலோவீன்' எனக் கொண்டாடுவர். புனிதர் அனைவர்க்கும் உரிய நவம்பர் முதல் நாளுக்கு முந்திய இரவு அது. அதனையொட்டிப் பழைய பேய்ப்படங்களைத் தேடிக் காண்பது அமெரிக்க மக்களிடை வழக்கம். இப்படங்களிற் கற்பதற்கு என்ன உண்டு எனத் தமிழாசிரியர் சிலர் வினவலாம். மெய்ப்பாட்டியலைக் கற்பிக்கும் நமக்கு அவற்றுட் சில சிறந்த எடுத்துக்காட்டுகள் ஆகும் என்பதே எம் விடை.

அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு என்றார் தொல்காப்பியர். கோர உருவத்தை அவர் தனிக் களனாகக் கூறவில்லை என்பதை நோக்குக. கோரைப்பல்லையும் குருதியையும் காட்டிவிட்டால் அச்சம் தானே வரும் என்று எண்ணுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

விலங்கால் வரும் அச்சத்திற்கு 'கேட் பீப்பிள்' (1942) சான்று. சினமுற்றாற் சிறுத்தையாக மாறிவிடுவோம் என அஞ்சும் ஒருத்தியின் கதை இது. இரவில் நீச்சற்குளத்தில் வேறொரு பெண் தனித்திருக்கிறாள். சுவரில் நீரின் ஒளி அலைகிறது; நிழலொன்று நகர்கிறது; உறுமல் கேட்கிறது. அக்காட்சியில் சிறுத்தையை நாம் தெளிவாகக் காண்பதேயில்லை. ஆயினும் மெய் நடுங்குகிறது.

இதன் தயாரிப்பாளர் வால் லூட்டனிடம் இயக்கம் பயின்ற ராபர்ட் வைஸ், பின்னாளில் 'தி ஹாண்டிங்' (1963) என்னும் படத்தில் அணங்கைக் கையாண்டார். கதவு இடிபடுகிறது, மரம் உள்நோக்கிப் புடைக்கிறது, பேயோ இறுதிவரை தோன்றவில்லை. 'சைக்கோ' (1960) கள்வர் வகையின்பாற் படும்.

மறைத்தல் மட்டுமே கலையாகிவிடாது. 'டிராகுலா' (1931) படத்தின் தொடக்கத்து அரண்மனைக் காட்சிகளும் பேலா லுகோசியின் நிதானமான பேச்சும் போற்றத்தக்கவை. கதை இங்கிலாந்தை அடைந்ததும் படம் மேடை நாடகமாகிவிடுகிறது. புல்வெளியில் ஓநாய் ஓடுவதைச் சன்னலருகே நிற்பவர் வாயாற் சொல்லக் கேட்கிறோம். சொல்வோர் அஞ்சுகின்றனர்; நாம் அஞ்சுவதில்லை.

நான்காவது களனாகிய 'இறை' என்பதற்கு அரசனோடு தந்தையையும் ஆசிரியரையும் சேர்த்துப் பொருள் கொள்வர் உரையாசிரியர். இவ்வகையில் ஜேம்ஸ் வேல் இயக்கிய 'பிராங்கன்ஸ்டைன்' (1931) தலையாயது. போரிஸ் கார்லாப் ஏற்ற வேடம் மறைக்கப்படவில்லை. முகம் அண்மையிற் காட்டப்படுகிறது. ஆனால் நம்மினும் மிகுதியாக அஞ்சுவது அவ்வுருவமே. கூரை திறக்க, மேலிருந்து வரும் ஒளியை நோக்கிக் குழந்தைபோற் கைகளை நீட்டுகிறது. ஏவலாளன் தீப்பந்தத்தைக் காட்டி வதைக்கிறான். படைத்தவனோ தன் கடமையை மறந்து விலகுகிறான். பின்னர் ஏரிக்கரையிற் சிறுமியொருத்தி அஞ்சாது மலர் தந்து விளையாடுகிறாள். மலர்கள் மிதப்பதைக் கண்ட அவ்வுருவம், அவளும் மிதப்பாள் எனக் கருதி நீரில் எறிந்துவிடுகிறது. தணிக்கையாளர் இக்காட்சியின் இறுதியை வெட்டினர். 1980களிலேயே அது மீண்டும் சேர்க்கப்பட்டது. வெட்டுண்ட படத்தில் அது வெறுங் கொடுமையாகத் தோன்றியது. முழுப்படத்திலோ அறியாமையாற் செய்த பிழையெனத் தெளிகிறோம். அச்சம் அழுகையாக மாறுகிறது. பிற படங்கள் எய்தாத நிலை இது.

மெய்ப்பாடு கற்பிக்கும் ஆசிரியர் இந்நான்கையும் வரிசையாகக் கண்டு ஒப்புநோக்குக. நான்காம் களனை விளக்குங்கால் மட்டும் சற்று நின்று எண்ணுதல் நலம். அப்பட்டியலில் ஆசிரியராகிய நாமும் இருக்கிறோம். வகுப்பிற் கடைசி வரிசையில் அமர்ந்து, அடிக்கும் ஏச்சுக்கும் அஞ்சி வாய் திறவாத பிள்ளைக்கு நாம் காட்டுவது தீப்பந்தமா, மலரா என்பதே அப்படம் நம்மை வினவும் வினா.