ஐந்தாண்டுக் கணக்கு சரிதானா?

மருத்துவமனையில் பணிபுரிபவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். "ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி ஐந்து வருஷம்தான் தாங்கும், பிறகு இன்னொன்று போட்டுக்கொள்ள வேண்டும்" என்று பலர் சொல்லக்கூடும். இரத்தப் பரிசோதனைச் சீட்டும் இதற்குச் சாட்சி சொல்வதுபோல் தோன்றும். ஊசி போட்டதும் உயர்ந்த எதிர்ப்பொருளின் அளவு ஆண்டுக்கு ஆண்டு இறங்கி, காப்புக்கு வரம்பான மில்லி லிட்டருக்கு 10 மில்லி யூனிட்டுக்கும் கீழே போயிருக்கும். ஆகவே காப்பும் போயிற்று என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இங்கேதான் கணக்கு பிசகுகிறது.

எதிர்ப்பொருள் என்பது சரக்கு; அதைச் செய்யப் பழகிய நினைவுச் செல்களே பட்டறை. கிடங்கு காலியானால் பட்டறையும் இடிந்துவிட்டதாக ஆகுமா? வைரஸ் மீண்டும் நுழைந்தால் இச்செல்கள் சில நாட்களிலேயே பெருகி எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. பி வைரஸோ மிக நிதானமான பேர்வழி. நோய் அரும்பச் சராசரியாக மூன்று மாதம் ஆகும். அதற்குள் உடல் முந்திக்கொள்கிறது. (ஓரிரு நாளில் தாக்கும் இன்ஃபுளூயன்சாவுக்கு இந்த வாதம் செல்லாது.)

அலாஸ்காவில் 1981-ல் இந்த ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஒரு பகுதியினரை 30 ஆண்டு கழித்துச் சோதித்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேரிடமே வரம்புக்கு மேல் எதிர்ப்பொருள் இருந்தது. குறைந்திருந்தவர்களுக்கு மறுபடி ஒரே ஓர் ஊசி போட்டதும் 88 சதவீதம் பேரிடம் அளவு வரம்பைத் தாண்டியது. இவர்கள் ஊர்மக்கள், மருத்துவ ஊழியர்கள் அல்லர் என்று நீங்கள் சொல்லலாம். நினைவுச் செல்லுக்கு நம் உத்தியோகம் தெரியாது!

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. பெரியவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு மூன்று தவணை போட்டும் போதிய எதிர்ப்பொருள் உண்டாவதில்லை. இவர்களைக் கண்டறிய, மூன்றாம் ஊசிக்குப் பின் ஒன்றிரண்டு மாதத்தில் சோதிக்க வேண்டும். பத்தாண்டு கழித்துச் சோதித்தால், ஊசி பிடிக்கவே இல்லையா, பிடித்துப் பின் குறைந்ததா என்று பிரித்தறிவது கடினம். நோயாளிக்குப் போட்ட ஊசி கையில் குத்திவிட்டால், காப்பில்லாதவருக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரை. ஊசி பிடிக்காதவர் என்று முன்பே தெரிந்தால்தான் உடனே இம்யூனோகுளோபுலின் கொடுத்துக் காக்கலாம். ஐந்தாண்டுக்கொரு ஊசிக்குப் பணம் ஒதுக்கும் நிர்வாகம் இந்த ஒரு சோதனைக்குக் கணக்குப் பார்ப்பது விந்தைதான். குப்பையோடு கலந்த ஊசிகளை அள்ளும் துப்புரவுப் பணியாளருக்கு முதல் மூன்று தவணையாவது கிடைத்ததா என்பதையும் அந்த நிர்வாகத்திடம் கேளுங்கள்.